உப்புக் காற்றில் வெளிறிய அலுமினியச் சக்கரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கடற்கரை ஊர்களில் வண்டிச் சங்கிலியைப் பராமரிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதிய இராமநாதபுரம் மாவட்ட வாசகர்களில் பெரும்பாலோர் கேட்டிருப்பது சக்கரத்தைப் பற்றி. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுமையாக அலுமினியச் சக்கரங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் தந்தையார் வாங்கிய பழைய கார் ஒன்று இருக்கிறது. அதன் நான்கு அலாய் வீல்களும் ஒரு காலத்தில் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னியவை. இப்போது சாம்பல் பூத்து, ஆங்காங்கே வெள்ளைப் பொடி கட்டிக் கிடக்கின்றன. பட்டறையில் புது வீல் போடச் சொல்கிறார்கள். வீட்டிலேயே கையால் தேய்த்துப் பழைய பளபளப்பைக் கொண்டுவர முடியுமா?
– வாசகர், பாம்பன்

பதில்: முடியும். பொறுமையும் ஒரு சக்கரத்துக்கு அரை நாளும் வேண்டும். ஆனால் தேய்க்கத் தொடங்குவதற்கு முன் தங்கள் சக்கரத்தின் மேல் என்ன இருக்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும். வீட்டில் தேய்த்துக் கெட்டுப்போன சக்கரங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்ததால் கெட்டவை.

அலாய் வீல் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவற்றில் பல வகை உண்டு. மேலே எந்தப் பூச்சும் இல்லாமல் உலோகத்தையே மெருகேற்றியது ஒன்று. மெருகேற்றிய பின் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு பூசியது இன்னொன்று. வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்தது, குரோமியம் முலாம் பூசியது, மின்சாரத்தின் துணையால் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக வளர்த்த அனோடைஸ் செய்தது ஆகியவையும் உள்ளன. கண்டறிவதற்கு எளிய வழி இருக்கிறது. சக்கரத்தின் ஆரத்துக்குப் பின்புறம், வெளியே தெரியாத இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெட்டல் பாலிஷைத் தடவி, வெள்ளைப் பனியன் துணியால் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். துணி கன்னங்கரேலென்று கறுத்தால் தாங்கள் தொட்டிருப்பது வெற்று அலுமினியம். துணி வெள்ளையாகவே இருந்தால் உலோகத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு பூச்சு நிற்கிறது என்று பொருள். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் அதன் இரு முனைகளையும் சக்கரத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். வெற்று உலோகத்திலும் குரோமியத்திலும் மின்சாரம் பாயும்; கிளியர் கோட்டும் பெயிண்ட்டும் அனோடைஸ் படலமும் அதைத் தடுக்கும். ஒரே சக்கரத்தில் முகப்பு ஒரு வகையாகவும் பின்புறம் வேறு வகையாகவும் இருப்பதும் உண்டு. எனவே முகப்பின் ஓரத்திலும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

பூச்சு முழுதாக இருக்கும் சக்கரத்தை உப்புத்தாளால் தொடவே கூடாது. அதைக் கழுவி, காரின் பெயிண்ட்டுக்குப் போடும் மெல்லிய பாலிஷால் துடைத்து, மெழுகு பூசினால் போதும். தங்கள் சக்கரம் முகம் பார்க்கும்படி மின்னியது என்பதையும், வெள்ளைப் பொடி மேலேயே கட்டியிருப்பதையும் வைத்துப் பார்த்தால் அது பூச்சில்லாத உலோகமாகவோ, பூச்சு போன உலோகமாகவோ இருக்கலாம். துணி கறுத்தால் மேற்கொண்டு செல்லுங்கள்.

அந்த வெள்ளைப் பொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அலுமினியம் காற்றுப் பட்ட மாத்திரத்தில் தன்மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிமன் மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் சில பங்குதான். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே இடம் விடுவதைப் போல இது உதிர்வதில்லை. உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு மேலும் அரிக்காமல் காக்கிறது. கடல் உப்பில் உள்ள குளோரைடு இந்தக் கவசத்தில் பலவீனமான இடங்களைத் தேடி ஓட்டை போடுகிறது. ஓட்டைக்குள் அலுமினியம் கரைந்து, ஹைட்ராக்சைடாக மாறி, வெள்ளைப் பொடியாக வெளியே தள்ளப்படுகிறது. ஒரு பல்குச்சியால் அந்தப் பொடியைக் கிளறிப் பாருங்கள். மேலே கடுகளவு தெரிந்த புள்ளிக்குக் கீழே ஊசி குத்தியது போல ஒரு கறுத்த குழி இருக்கும். அந்தக் குழியின் ஆழத்தைப் பொறுத்தே எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பது முடிவாகிறது.

வேலையைத் தொடங்கும்போது காரைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கியை ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றி, அதன் இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி காரைத் தரையில் இறக்கிவிடுங்கள். ஜாக்கியின் மேல் காரை அரை நாள் நிறுத்தி வைப்பது ஆபத்து.

கழற்றிய சக்கரத்தைக் கோணியின் மேல் கிடத்தி, முதலில் நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பையும் மணலையும் கழுவுங்கள். இதைச் செய்யாமல் தேய்த்தால் மணலே உப்புத்தாளாகி ஆழமான கீறல் போட்டுவிடும். பிறகு கார் ஷாம்பூவும் மென்மையான பிரஷ்ஷும் போதும். தார் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மீண்டும் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள்.

அடுத்தது உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள். பின்புறத்தில் எண் அச்சிட்டிருக்கும்; எண் ஏற ஏறத் தாள் நைசாகும். குழி நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு இருந்தால் 320-இல் தொடங்குங்கள். வெறுமனே மங்கியிருந்தால் 600 போதும், சில சக்கரங்களுக்கு 1000-த்திலேயே தொடங்கலாம். 320, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று ஏறிச் செல்ல வேண்டும். நடுவில் தாண்டக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பூ விட்டு, தாளை அதில் ஊறவைத்து, ஈரத்தோடு தேயுங்கள். ஈரமாகத் தேய்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அலுமினியத் தூள் உலர்ந்து காற்றில் பறந்தால் மூச்சுக்குக் கேடு. நெருப்புப் பொறி பட்டால் பற்றிக்கொள்ளவும் கூடும். ஆகவே இரும்பு கிரைண்டர் ஓடும் இடத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தேய்க்கும் திசையை ஒவ்வொரு எண்ணுக்கும் மாற்றுவது மிக முக்கியம். 400-ஐ இடவலமாகத் தேய்த்தால் 600-ஐ மேல்கீழாகத் தேயுங்கள். முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூடக் குறுக்கே தெரியாத வரை அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது. வெயிலில் சக்கரத்தைச் சாய்த்துப் பார்த்தால் தப்பிய கீறல் தானே தெரியும். கடைசிப் பாலிஷில் மறைந்துவிடும் என்று நினைத்து விட்டுவிட்ட 400-இன் கீறல், பாலிஷ் போட்ட பின் முன்னைவிடத் தெளிவாகக் கண்ணில் குத்தும். பிறகு பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் மறுபடி தேய்க்க வேண்டிவரும்.

மிக ஆழமான குழிகளை முழுவதும் தேய்த்து எடுக்க முயலாதீர்கள். உலோகத்தைக் குறைத்துக்கொண்டே போவதைவிட, இரண்டொரு புள்ளிகளை விட்டுவைப்பதே சரி. வீல் நட்டு வந்து உட்காரும் சரிவான இருக்கையையும், சக்கரத்தைத் தாங்கும் ஹப் என்னும் நடுப்பகுதியோடு பொருந்தும் பின்முகத்தையும் உப்புத்தாளால் தொடாதீர்கள். அங்கே பொருத்தம் குலைந்தால் நட்டு தளரும்.

2000-ஐ முடித்த சக்கரம் மங்கலான வெள்ளிக் கும்பாவைப் போல இருக்கும். அதன் மேல் அலுமினியத்துக்கு ஏற்றது என்று அட்டையில் குறிப்பிட்டிருக்கும் மெட்டல் பாலிஷைச் சிறிதளவு தடவி, உள்ளங்கை அகல இடமாக எடுத்துக்கொண்டு தேயுங்கள். டிரில் மிஷினில் மாட்டும் பஃப் என்னும் மெருகுத் துணி உருளை இருந்தால் கை வலி குறையும். குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள். துணி கறுத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து அழுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்து, துணி வெளுக்கும் வரை தேய்க்கிறார்கள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. தேய்ந்து வரும் அலுமினியமும் ஆக்சைடும் மிக நுண்ணிய தூளாக இருப்பதால் கறுப்பாகத் தெரிகின்றன. வெற்று அலுமினியத்தில் எத்தனை நாள் தேய்த்தாலும் துணி கறுக்கும். நிறுத்த வேண்டிய நேரத்தைத் துணியில் பார்க்காதீர்கள், சக்கரத்தில் பாருங்கள். தங்கள் விரலைச் சக்கரத்துக்கு அருகே நீட்டினால் அதன் பிம்பத்தில் ரேகை மடிப்புகள் தெளிவாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. மிச்சமிருக்கும் கறுப்புப் பிசுக்கை எடுக்க ஒரு கைப்பிடி மைதா மாவைத் தூவி, புதிய பனியன் துணியால் துடைத்து எடுங்கள். மாவு எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும், கீறலும் விழாது.

கேள்வி: இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து என் ஸ்கூட்டரின் மேக் வீல்களைப் பளபளவென்று ஆக்கினேன். தினமும் தண்ணீர் விட்டுக் கழுவியும் பத்தே நாளில் மங்கிவிட்டது. நான் செய்த தவறு என்ன?
– வாசகி, மண்டபம்

பதில்: தங்கள் தேய்ப்பில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை, அம்மா. எந்தத் தண்ணீரால் கழுவினீர்கள் என்பதைத் தாங்கள் எழுதவில்லை. என் சந்தேகம் அங்கேதான் போகிறது. நம் கரையோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அந்தத் தண்ணீரால் கழுவி வெயிலில் விட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் சக்கரத்தில் தங்கிவிடும். உப்பைப் போக்கக் கழுவுகிறோம் என்று நினைத்து நாள்தோறும் புது உப்பைப் பூசுகிறோம்.

உப்பு சக்கரத்தின் மேல் உலர்ந்துதானே கிடக்கிறது, அது என்ன செய்யும் என்று தோன்றலாம். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கிறது. அதனால் மழையே பெய்யாத இரவில்கூட மண்டபத்தில் நிற்கும் வண்டியின் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத உப்பு நீரில் நனைந்தபடி இருக்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகரையிலிருந்தும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கரையிலிருந்தும் கடல் திவலை வந்து படிகிறது. இரு புறமும் கடல் இருக்கும் இடத்தில் ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்கள் அரிக்கப்படுவதை ஆராய மண்டபம் முகாமில் நிலையம் அமைத்ததற்கு இந்தக் காற்றே காரணம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்சேன் என்னும் சிறப்புப் பூச்சையும் பயன்படுத்தியதும் இதே காற்றுக்கு அஞ்சித்தான். பாலத்துக்கே அத்தனை கவசம் வேண்டியிருக்கும்போது, பூச்சில்லாத தங்கள் சக்கரம் பத்து நாள் தாங்கியதே பெரிது.

இனிச் செய்ய வேண்டியது இது. குடிநீர்க் குழாய்த் தண்ணீரிலோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ இரண்டு குவளை எடுத்து, கடைசி அலசலை மட்டுமாவது அதில் செய்யுங்கள். அலசியதும் தானே உலர விடாமல் துணியால் ஒற்றி எடுங்கள். மீண்டும் ஒருமுறை மெட்டல் பாலிஷ் போட்டுத் துடைத்த பின், கார்களுக்கு விற்கும் கார்னௌபா மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, அது வெளுத்து உலர்ந்ததும் துடைத்துவிடுங்கள். மூன்று மாதம் வரும் என்று டப்பாவில் எழுதியிருந்தாலும், மண்டபத்தில் மாதம் ஒருமுறை பூசுங்கள். அலசிய தண்ணீர் சக்கரத்தின் மேல் முத்து முத்தாக உருளாமல் படர்ந்து நின்றால் மெழுகு தீர்ந்துவிட்டது என்று அறியலாம்.

கேள்வி: பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவது போல அலுமினியச் சக்கரத்தையும் விளக்கலாமா? சாம்பல், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் அமிலம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், தொண்டி

பதில்: அமிலத்தை முதலில் தூக்கி எறியுங்கள். கழிப்பறைக்கான அமிலத்தில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிட்டு உலோகத்தையே தின்னத் தொடங்கும். நுரைத்து வருவது ஹைட்ரஜன் வாயு. போதாக்குறைக்குக் கடல் உப்பில் எதைக் கண்டு அஞ்சுகிறோமோ அந்தக் குளோரைடையே குழிகளுக்குள் ஊற்றிவைக்கிறது. ஒரு பட்டறையில் இப்படி அமிலம் போட்டுக் கழுவிக் கொடுத்த சக்கரம் ஒன்றைப் பிற்பாடு நான் தேய்க்க நேர்ந்தது. வாங்கிய அன்று பளிச்சென்று இருந்ததாம். என்னிடம் வந்தபோது அதன் முகம் முழுவதும் சுண்ணாம்பு அடித்த சுவரைப் போலப் பூத்திருந்தது. 320-ஆம் தாளால் இரண்டு நாள் தேய்த்தும் குழிகள் போகவில்லை.

சாம்பலும் வேண்டாம். அது காரம், அலுமினியம் அமிலத்தைப் போலவே காரத்திலும் கரையும். சலவை சோடா, சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். புளியும் எலுமிச்சையும் மெல்லிய அமிலங்கள். அலுமினியக் குண்டானில் புளி கரைத்துக் கொதிக்கவைத்தால் உள்புறக் கறுப்பு போய் வெளுப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். சக்கரத்திலும் அவை மேல் மங்கலைச் சற்று வெளுக்கச் செய்யும். ஆனால் வெளுப்பு வேறு, மெருகு வேறு. கீறலும் குழியும் அப்படியே இருக்கும். புளியோடு கல்லுப்பைச் சேர்த்துத் தேய்க்கும் வழக்கம் சக்கரத்துக்கு நேரடியான கெடுதல். இரும்பு நாரும் ஆகாது. அதன் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் புதைந்து, துருப்பிடித்து, சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரிக்கும்.

கேள்வி: தனுஷ்கோடிக்கு வாடகைக் கார் ஓட்டுகிறேன். சக்கரத்தின் கிளியர் கோட்டுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடுகின்றன. மேலே ஸ்பிரே அடித்தால் நிற்குமா?
– வாசகர், இராமேசுவரம்

பதில்: நிற்காது. கிளியர் கோட்டில் கல் தெறித்து விழுந்த சிறு காயத்தின் வழியே உப்பு நீர் உள்ளே புகுந்து, பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே நூலைப் போல அரித்துக்கொண்டே முன்னேறும் நோய் இது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு தங்களைப் போன்றவர்களின் வண்டிகள் இரு கடல்களுக்கும் நடுவே, மணல் பறக்கும் சாலையில் நாள்தோறும் பல நடை போய்வருகின்றன. மணல் காயம் செய்கிறது, உப்பு அதில் குடியேறுகிறது. மேலே ஸ்பிரே அடித்தால் நோயை உள்ளே வைத்து மூடியதாகும்.

கோடுகள் ஒன்றிரண்டு இடங்களில் இருந்தாலும் பூச்சை முழுவதுமாக நீக்க வேண்டும். அலுமினியத்துக்குத் தீங்கு செய்யாது என்று குறிப்பிட்ட பெயிண்ட் ரிமூவரை, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில் தடவி, பூச்சு சுருண்டதும் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். ஊதுவிளக்கால் சுட்டு எடுக்க வேண்டாம். வார்ப்பு அலுமினியத்தின் வலு வெப்பப் பதத்தால் வந்தது, அதைச் சூடாக்கினால் பதம் போய்விடும். பூச்சு போன பின் முதல் பதிலில் சொன்னபடி தேய்த்துக்கொள்ளலாம். முகப்பில் இசைத்தட்டைப் போல நுண்ணிய வட்டக் கோடுகள் இருந்தால் அது லேத்தில் சீவிய சக்கரம். கையால் தேய்த்தால் அந்தக் கோடுகள் அழிந்து வெறும் கண்ணாடி மெருகாகிவிடும்.

மீண்டும் கிளியர் கோட் போட வேண்டுமா என்றால், தங்கள் தடத்துக்கு வேண்டாம் என்பேன். கண்ணாடி போல மெருகேறிய அலுமினியத்தை ஸ்பிரே டப்பாப் பூச்சு சரியாகப் பற்றுவதில்லை. அடுத்த கல் தெறிப்பில் கதை மீண்டும் தொடங்கும். வெற்று உலோகமாக விட்டு, தினமும் நல்ல தண்ணீர் அலசலும் மாதம் ஒரு மெழுகுமாக வைத்திருந்தால், மங்கினாலும் பத்து நிமிடப் பாலிஷில் மீட்டுவிடலாம்.

கேள்வி: மீன் பெட்டி ஏற்றும் வண்டி. ரிம் அரிக்காமல் இருக்கப் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவுகிறேன். சரிதானா?
– வாசகர், ஏர்வாடி

பதில்: நிறுத்திவிடுங்கள். ஆயில் மணலைப் பிடித்துவைக்கும். சக்கரம் சுழலும்போது சிதறி டிஸ்க்கிலோ டிரம்மிலோ பட்டால் பிரேக் பிடிக்காது. பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் சக்கரத்தில் விழாமல் ஒரு தகட்டை மாட்டுங்கள். வியாபாரம் முடிந்து வீடு திரும்பியதும் ரிம்மை அலசுங்கள். மெழுகு போடும்போதும் டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொண்டு, வண்டியை எடுக்கும் முன் மெதுவாக உருட்டி நாலைந்து முறை பிரேக்கைப் பிடித்துச் சோதியுங்கள்.

கேள்வி: என் காரில் டியூப்லெஸ் டயர். பஞ்சர் எதுவும் இல்லாமலே ஒரு சக்கரத்தில் வாரத்துக்கு வாரம் காற்று இறங்குகிறது. சக்கரத்தைக் கழற்றப் போனால் ஹப்பை விட்டு வரவும் மறுக்கிறது. வெளியே பார்க்க ரிம் நன்றாகவே இருக்கிறது.
– வாசகர், கீழக்கரை

பதில்: இரண்டுக்கும் ஒரே வேர். வெளியே நன்றாக இருப்பது உள்ளே நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. டயரின் விளிம்பு ரிம்மில் அழுந்தி உட்காரும் வளையத்தில் அதே வெள்ளைப் பொடி வளர்ந்து டயரைத் தூக்கிவிட்டால், அந்த இடுக்கு வழியே காற்று கசியும். ரிம்மின் ஓரத்தைச் சுற்றிச் சோப்பு நுரை தடவினால் குமிழி வரும் இடம் தெரியும். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றச் சொல்லி, அந்த வளையத்தை மட்டும் ஸ்காட்ச் பிரைட் நாரால் வழுவழுப்பாகும்வரை தேய்த்து, துடைத்து, டயர் விளிம்புக்கென்று உள்ள சீலரைப் பூசி மாட்டச் சொல்லுங்கள். டயர் கழன்றிருக்கும்போது உள்வட்டத்தில் மயிரிழை போன்ற விரிசல் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்து ஓட்டும் எண்ணம் வேண்டாம், அந்தச் சக்கரத்தை ஒதுக்கிவிடுங்கள்.

ஹப் இரும்பு, சக்கரம் அலுமினியம். இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் புகுந்தால் அது ஒரு சிறு பேட்டரியைப் போல இயங்கி, இரண்டில் அலுமினியத்தை அரிக்கும். அரிப்பின் பொடி இடுக்கில் இறுகிச் சக்கரத்தை ஒட்டவைத்துவிடுகிறது. நட்டுகளை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, காரைத் தரையிலேயே வைத்து ஓரடி முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். கழன்றதும் ஹப்பின் நடுவட்டத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, அந்த நடுவட்டத்தில் மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவுங்கள். போல்ட்டின் மரையிலும் நட்டு உட்காரும் இடத்திலும் கிரீஸ் படக் கூடாது. நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, வண்டியின் கையேட்டில் சொல்லிய அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபாருங்கள்.